கையில் சிக்காத நூல்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் கராத்தேயில் மஞ்சள் பெல்ட். ஆரணியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பட்டுத்தறி உண்டு. கராத்தேக்குப் போன பெண் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. வேலூரில் போட்டி என்று மாஸ்டர் சொன்ன அன்றைக்கே, கோப்பையோடுதான் திரும்புவேன் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

பெயர் கொடுக்க வீட்டில் யாராவது கையெழுத்துப் போடவேண்டும். அப்பா வழக்கம்போல நழுவினார். "உங்கம்மா சரின்னா எனக்கும் சரி. என்ன பேஜார் பண்ணாத" என்று தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கு முகத்தில் அடிபடுமே என்ற கவலைகூட அப்புறம்தான். முதல் கவலை என் கை. மாஸ்டர் முஷ்டியைச் சிமெண்டுத் தரையில் ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்வார். பட்டுக்குச் சொரசொரப்பான கை ஆகவே ஆகாது. இழை பிடித்துக்கொண்டு பிசிறு கிளம்பிவிடும். லீவு நாளில் நெசவுக்கு நூல் சுற்றித் தருவது என் வேலை.

"பேர் குடுக்கற கடைசி நாளு உன் கைமேல நூல இழுத்துப் பாப்பேன். சிக்கலன்னா போ. சிக்கினா வூட்லயே கெட" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

இதற்கிடையில் மாஸ்டர் போன வருஷப் போட்டியைச் செல்போனில் போட்டுக் காட்டினார். என் உயரமே இருந்த ஒரு பெண் வாயில் ஒரு குத்து வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துப்பிய எச்சிலில் ரத்தம். அய்யோ! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் தெருவெல்லாம் பீற்றிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? பயமாயிருக்கிறது என்று சொல்வதைவிடப் பல் போவதே மேல் என்று தோன்றியது. அம்மாவே வேண்டாம் என்றுவிட்டால் என் மானம் தப்பும்.

அன்றிலிருந்து தினமும் வீட்டின் பின்பக்கத்தில், பூசாத செங்கல் சுவரில் கையைத் தேய்த்தேன். எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். 'எங்கம்மா விடமாட்டேன்றாங்க' என்று மற்றவர்களிடம் சொல்வதற்கு ஒரு சோக முகத்தைக்கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

கடைசி நாள் அம்மா என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"இன்னாடி இது, இப்டி பண்ணி வெச்சிகினு கீற?"

"ப்ராக்டீஸ்மா."

அவள் தறிப்பக்கம் போய் ஓர் இழையோடு வந்தாள். சிக்கு, சிக்கு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு கையை நீட்டினேன். பாழாய்ப்போன இழை வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு தரம் இழுத்தாள். அப்போதும் சிக்கவில்லை.

"போய்ட்டு வா" என்றாள்.

நான் ஓவென்று அழுதேன். "அழுவாதடி, அதான் போவ சொல்லிட்டேனே" என்று கட்டிக்கொண்டு, என் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

வேலூரில் முதல் சுற்றிலேயே தோற்றேன். பல் ஒன்றும் போகவில்லை. குத்து வாங்கிய பிறகும் நின்றுகொண்டிருந்தேனே, அதுதான் எனக்கே ஆச்சரியம். அடுத்த வருஷம் நானாகவே போய்ப் பெயர் கொடுத்தேன். நூல் சிக்காதது மட்டும் சாமி எனக்குச் செய்த சதி என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, நூல் சுற்ற உட்கார்ந்தேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்ந்துபோன என் விரலில் இழை பிடித்துக்கொண்டது. அம்மா சிரித்தாள்.

"இது குறுக்க ஓடற ஊடை நூலு, சிக்கத்தான் செய்யும். நெடுக்க ஓடற பாவு நூலுக்கு முறுக்கு ஜாஸ்தி, லேசுல சிக்காது. அன்னிக்கு உனுக்குப் பாவு நூலத்தான் இழுத்தேன். போவணும்னு அவ்ளோ ஆசப்பட்டு, கையப் புண்ணாக்கிகினு வந்து நின்னியே. அப்புறம் எப்டிடி வேணான்னு சொல்றது?"

பின்பக்கத்துச் சுவர் இன்னும் பூசாமல்தான் நிற்கிறது. அதில் நான் என்ன செய்தேன் என்று அவளிடம் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.