பேர் எழுதப் போன வாத்தியார்

வாத்தியார் உத்தியோகத்தில் பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லா வேலையும் உண்டு என்பதை, என்னைப் போல் சாக்பீஸ் தூளைத் தின்று காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மை குத்த ஆள் பிடித்துக் கொடுத்திருப்பீர்கள், கொடியேற்றத்துக்குக் கயிறு தேடி அலைந்திருப்பீர்கள். நாட்டின் முதல் பொதுத் தேர்தல் வரப்போகிறது என்றதும், வாக்காளர் பட்டியலுக்குப் பேர் எழுதும் வேலையும் நம் தலையில்தான் விழுந்தது. போடியில் நாலு தெரு, ராசிங்காபுரத்தில் பாதி, குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டம் என் பங்கு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்ற கர்வம் வேறு.

அப்பனும் மகனும்

ராசிங்காபுரத்தில் ஒரு சம்சாரியிடம் வயது கேட்டேன். கிணறு வெட்டின வருஷம்தான் முதன்முதலாக ஏர் பிடித்தாராம். கிணறு எப்போது வெட்டினீர்கள் என்றால், யானை இறங்கிச் சோளத்தை அழித்ததற்கு மறுவருஷம் என்றார். எந்த யானை என்று கேட்கும் அளவுக்கு நானும் இறங்கிவிட்டேன். அதற்கு ஒரு கொம்பு ஒடிந்திருந்ததுவரை அவருக்கு ஞாபகம் இருந்தது. வருஷம் மட்டும் இல்லை. கூட்டிக் கழித்து நாற்பத்திரண்டு என்று போட்டேன். மகன் வயதுக்கு அவன் பெண்சாதி வேறொரு கணக்கு சொன்னாள். அதன்படி முப்பத்தைந்து.

அவரவர் பட்ட பாட்டை வைத்துத்தான் மனிதர்கள் காலத்தை அளக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு அதெல்லாம் எனக்கு அறியாமையாகத்தான் பட்டது. மகன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "அப்ப இனிமே எங்கப்பனை அண்ணேன்னு கூப்பிட்டுக்கிறேன் சார்."

முதுகில் ஏறிய பாடம்

போடியில் வேறு விதமான தொல்லை. வீட்டுப் பெண்களின் பெயரைக் கேட்டால் ஆண்களின் முகம் மாறிவிடும். "நம்ம சம்சாரம்னு போட்டுக்கங்க" என்பார்கள். உள்ளேயிருந்து சத்தமே வராது. பெயரைக் கேட்டு வாங்கியே தீரவேண்டும் என்று தாலுகா ஆபீசில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எனக்கோ இரண்டாம் தடவை கேட்க நாக்கு வரவில்லை.

காரணம் உண்டு. ஏழு வயதில், தெருவில் போன ஜவுளிக்காரர் விளையாட்டாகக் கேட்டார் என்று என் அம்மாவின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டேன். அப்பா புளியவிளாறை எடுத்துக்கொண்டார். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்ததெல்லாம் மறந்துவிட்டது, அந்த ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை. ஆகவே 'வீரணன் மனைவி', 'ராமு தாய்' என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அதைப் புரட்டிப் பார்த்த சக வாத்தியார் சுந்தரம் சொன்னார்: "உங்க லிஸ்டைப் பாத்தா போடியில பொம்பளைகளே இல்ல சார், ஆம்பளைகளுக்குத்தான் ஆளுக்கு ரெண்டு ஓட்டு."

சங்கிலி தாய்

ஏலத்தோட்டத்துக்கு ஏறிப் போன அன்று அட்டைக்கடியில் இரண்டு காலும் ரத்தம். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தின் முன்னால் எல்லோரையும் நிறுத்தி, கங்காணியே பேர் சொல்லிக்கொண்டு போனார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணைக் காட்டி, "சங்கிலி தாய்" என்றார். எழுதினேன். அந்தம்மா வரிசையை விட்டு முன்னால் வந்து, "என் பேரு பேச்சியம்மாய்யா, அதை எழுதுங்க" என்றாள்.

எத்தனையோ வீட்டில் கெஞ்சியும் கிடைக்காதது தானாக வந்து நின்றது. ஆனால் மையில் எழுதியாகிவிட்டது. அடித்து எழுதினால் ஒவ்வொரு அடித்தலுக்கும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பக்கமும் அசிங்கமாகிவிடும். இரண்டும் நீதானேம்மா, எதுவாக இருந்தால் என்ன என்று சிரித்தேன். சங்கிலி அவளுடைய ஒரே மகன் என்றும், காய்ச்சலில் போய் ஏழு வருஷம் ஆகிறது என்றும் கங்காணி மெதுவாகச் சொன்னார். அவள் அழவில்லை. என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, நான் இன்னமும் அவனத்தாய்யா திரும்பிப் பாக்குறேன்."

அப்படியும் நான் அடித்து எழுதவில்லை.

மழையின் பேரில்

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. இன்னார் மனைவி, இன்னார் தாய் என்பதெல்லாம் செல்லாது, மறுபடி போய்ச் சொந்தப் பெயரை வாங்கி வா, கிடைக்காவிட்டால் நீக்கிவிடு என்று. போடித் தெருக்களில் சுந்தரத்தின் மனைவியைத் துணைக்கு அழைத்துப் போனேன். பெண்ணிடம் பெண்கள் பெயரைச் சொன்னார்கள். காரியம் இவ்வளவு சுலபம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மலைக்கு மட்டும் போகவில்லை. மழை பெய்தது உண்மை. மழை விட்டும் கெடு முடிய இரண்டு நாள் இருந்தது என்பதும் உண்மை. அவள் பெயர் எனக்குத் தெரியும், உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கலாம். ஆனால் தோட்டத்தில் இன்னும் ஒன்பது பெண்களின் பெயர் தெரியாது. ஒன்றை மட்டும் எழுதினால், மற்றவர்களைப் போய்க் கேட்கவில்லையா என்ற கேள்வி வரும். பத்துப் பேருக்கும் நேராக 'பெயர் சொல்ல மறுத்துவிட்டார்' என்று முத்து முத்தாக எழுதினேன். லயத்தில் நடந்ததை முன்பே என்னிடம் கேட்டிருந்த சுந்தரம், பக்கத்திலிருந்து கேட்டார்: "அந்தம்மா மறுக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல சார்?"

விரலை நீட்டியபடி

ஓட்டுப்போடும் நாளில் அடிவாரத்துச் சாவடியில் எனக்குப் பட்டியல் பார்த்துச் சொல்லும் வேலை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் தோட்டத்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். பேச்சியம்மா தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி வந்திருந்தாள். அன்றைய கூலியை விட்டுவிட்டு இருட்டோடு கிளம்பியிருக்க வேண்டும். மேசைக்கு முன்னால் நின்று, கேட்பதற்கு முன்பே தன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். மை வைப்பதற்காக விரலையும் நீட்டிவிட்டாள்.

பட்டியலில் விரலை ஓட்டித் தேடுவது போல் பாசாங்கு செய்தேன். என்ன தாமதம் என்று சாவடி அதிகாரி எழுந்து வந்தார். நீக்கப்பட்டவர்களின் காகிதத்தை எடுத்துப் பார்த்து, தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேரும் பெயர் சொல்ல மறுத்திருக்கிறார்கள், ஓட்டு இல்லை என்று வாசித்துச் சொன்னார். அது என் கையெழுத்து என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் தெரிந்துகொண்டாள். நீட்டிய விரலை மடக்காமலே என்னைப் பார்த்தாள். எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், நான் உட்கார்ந்திருந்தேன். அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "நான் சொன்னேனேய்யா. நீங்க எழுதாததுக்கு, நான் சொல்லலைன்னு போட்டுக்கிட்டீகளா?"

முப்பது வருஷம் வருகைப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கான பெயர்களை எழுதியிருக்கிறேன், அவற்றில் முக்கால்வாசி மறந்துவிட்டது, எழுதாமல் விட்ட ஒன்றுதான் கேட்காமலே வாயில் வந்து நிற்கிறது.