பாலிஷ்காரர் குரோமைப் புகழ்ந்த கதை

எங்கள் பட்டறையில் மாமாவுக்குக் கண்ணாடி என்று பெயர். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார் என்பதற்காக இல்லை. அவர் பாலிஷ் போட்ட கார் வீலில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அதற்காக. என் அக்காவைக் கட்டியவர். அக்கா முன்பக்கம் கல்லாவில் உட்கார்ந்து பில் போடுவாள். மாமா பின்னறையில் பாலிஷ் மெஷினோடு மல்லுக்கட்டுவார். நடுவில் நான் டயர் கழற்றி மாட்டுவேன். குடும்பத்தோடு ஒரே முதலாளியிடம் மாட்டிக்கொண்டோம் என்று அக்கா சிரிப்பாள்.

பழைய அலாய் வீலின் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுழலும் துணிச்சக்கரத்தில் காட்டிக் காட்டி மினுக்குவது மாமாவின் வேலை. மெஷின் ஓடினால் அக்காவின் மேஜையில் டம்ளர் தண்ணீர் நடுங்கும். எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் வீலைத் தடவுவார். கண்ணுக்குத் தப்பிய கீறல் அந்த விரலுக்குத் தப்பாது.

குரோம் என்றாலே அவருக்கு ஆகாது. குரோம் கேட்டால் வீலை வெளியே ஒரு கம்பெனிக்கு அனுப்பி முலாம் பூசி வாங்குவோம். "அது மேல போட்ட சட்டைங்க" என்பார் வருகிறவர்களிடம். "மழையில மங்காது, ஈரத்துணியால துடைச்சாப் போதும், எல்லாம் சரி. ஆனா ஒரு கல்லு பட்டுச்சுன்னா உள்ள தண்ணி இறங்கி மொத்தமும் உரிஞ்சிடும். பாலிஷ் மங்கினா மறுபடி தேய்ச்சுக்கலாம். உரிஞ்ச குரோமை என்ன பண்ணுவீங்க?" கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்வார். வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்று முதலாளி பல்லைக் கடிப்பார்.

அந்த மனுஷன்தான் திடீரென்று கட்சி மாறினார்.

யாராவது வீல் கொண்டுவந்தால் பின்னறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்கு ஓடி வருவார். "குரோமே போட்டுடுங்க சார், பராமரிப்பே வேணாம்." அக்காவுக்கு வாயெல்லாம் பல். வியாபாரத்தைக் கெடுத்தவர் இப்போது வியாபாரம் பிடித்துத் தருகிறாரே என்று அவளுக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் காரணம் தெரியும். அவர் சட்டைப் பொத்தானோடு போராடுவதைப் பார்த்துவிட்டேன். கீழே விழுந்த நட்டை எடுக்க முடியாமல் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டதையும் பார்த்தேன். குளிர் காலையில் அவருடைய விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும்.

கேட்டதற்கு மறைக்கவில்லை. "மெஷினோட அதிர்வுடா. விரலே இருக்கிற மாதிரி இல்ல. கீறல் தெரியமாட்டேங்குது. முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"டாக்டரைப் பார்க்கலாம் மாமா."

"பார்த்தேன். மெஷினைத் தொடாதேங்கிறார். அக்காகிட்ட மூச்சு விட்டே, உன்னைத் தொலைச்சிடுவேன்."

எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்ன கௌரவம்? மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து மாமாவின் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம். சமீபமாக மாமா ரோட்டைப் பார்க்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். "புது மாப்பிள்ளை நினைப்பு" என்று நான் கிண்டல் செய்தால் அக்கா வெட்கப்படுவாள்.

பிறகு அந்த வாடகைக் கார் டிரைவர் வந்தார். கடற்கரைச் சாலையிலேயே ஓட்டுகிறவர். வருஷா வருஷம் மாமாவிடம் மட்டும் பாலிஷ் போட்டுக்கொள்கிறவர். அவருக்கும் குரோம்தான் என்றார் மாமா.

"நீங்கதானே போன தடவை குரோமைத் திட்டினீங்க?"

"இப்பல்லாம் குரோம் நல்லா வருதுங்க."

அவர் போனதும் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "உப்புக் காத்துல ஓட்டுறவர் மாமா. ஒரு மழைக்காலம் தாங்குமா?" உன் வேலையைப் பாரு என்று எரிந்து விழுந்தார். அதற்கு முன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

எல்லாரும் குரோமுக்கே வந்ததில் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. "கண்ணாடியே குரோம்தான் நல்லதுன்னு சொன்னப்புறம் எனக்கெதுக்கு அந்த மெஷின்? வித்துட்டு அங்க இன்னொரு டயர் மெஷின் போட்டுடலாம்."

"அப்போ இவர்?" என்றாள் அக்கா.

"பார்க்கலாம்." முதலாளி அகராதியில் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம். மாமா எதைச் சொல்லி மறுப்பார்? தன் வாயாலேயே தன் வேலைக்குக் குழி வெட்டியிருந்தார்.

மெஷினை வாங்க வந்தவன் மோட்டாரை வெகுநேரம் ஓடவிட்டுச் சோதித்தான். நிறுத்தியதும் மாமா அதன் மேல் விரல்களை ஊன்றிக்கொண்டு நின்றார். வழியனுப்புகிறார் என்று நினைத்து நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. அவர்கள் போல்ட்டைக் கழற்றி மெஷினை லாரியில் ஏற்றினார்கள்.

லாரி கிளம்பிய சூட்டோடு அந்த டிரைவர் தன் குரோம் வீலை எடுக்க வந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க சொன்னா தப்பாகுமா?" என்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். மாமா சிரித்துக்கொண்டே நின்றார். டிரைவர் கையை எடுத்தபோது அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. குழப்பத்தோடு தன் கையைப் பார்த்தார், பிறகு மாமாவின் கையைப் பார்த்தார். மோட்டார் சூட்டில் விரல்கள் வெந்து கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது.

அக்கா கல்லாவிலிருந்து ஓடி வந்தாள். "ஐயோ, என்னங்க இது! வலிக்கலையா?"

மாமா அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். அவளுக்குப் பதில் சொல்லாமல் டிரைவரிடம் திரும்பினார். "இந்த வீலை மாட்டாதீங்க சார். கடல் பக்கத்துக்கு இது சரிப்படாது. பாலிஷ்தான் போடணும். என்னால போட முடியல, அதான் மாத்திச் சொல்லிட்டேன்."

முதலாளி கிட்டே வந்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?" என்றேன் நான்.

அக்கா ஈரத்துணியை அந்தக் கையில் சுற்றினாள். சுற்றி முடித்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ தினமும் பஸ்ல நான் பிடிச்சுக்கிட்டு வரேனே, அது?"

"தெரியாதும்மா" என்றார் மாமா. "அதான் பார்த்துக்கிட்டே வருவேன்."