பிடியரிசிப் பணம்

தையல் மெஷினின் தலையை ஒரு பழைய போர்வையில் சுற்றிப் பட்டப்பகலில் தெருவழியே தூக்கிப் போனார்கள் என்ற செய்தி, ராணியம்மாளுக்கு அவருடைய இட்லிக் கடையிலேயே வந்து சேர்ந்தது. சொன்னவர் சாப்பிட வந்த பஸ் டிரைவர்.

"உங்க கோயில் ஆளுங்கதாங்க. மூணு பேரு. வெல்டிங் அயாஸ் வூட்ல இருந்து. அந்தப் பொண்ணு வாசல்ல அப்படியே நின்னுச்சு. தெருவே வேடிக்கை பார்த்துச்சு."

ராணியம்மாள் கரண்டியை வைத்தார். அடுப்பைத் தணித்தார். கேட்டது நிஜம்தானா என்று இரண்டாவது முறை கேட்கவில்லை. அவர்கள் செய்யக்கூடியவர்கள்தான்.

காரிமங்கலத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தகரக்கூரை போட்ட கடை அவருடையது. கணவர் மாது இருந்தவரை பக்கத்திலேயே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்த் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, ராணியம்மாள் பெண்கள் குழுவில் வாங்கியிருந்த கடனுக்கு ஒரு வாரம் தவணை கட்ட முடியவில்லை. குழுவில் ஒரு விதி உண்டு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு முன்னால் போய் உட்கார வேண்டும். பணம் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. மாற்றுத்துணி எடுக்க ராணியம்மாள் வீட்டுக்கு வந்தபோது வாசல் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழுவுக்குக் கடன் கொடுத்த கம்பெனிக்காரன் தெருமுனையில் வண்டியில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்களில் ஒருத்திகூடக் கெட்டவளல்ல. தோசைமாவு இரவல் வாங்குகிறவர்கள். ஆனாலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அன்று அண்டாவையும் குண்டானையும் அடகு வைத்துத் தவணையைக் கட்டினார். மாது அந்த மாதமே இறந்துபோனார். கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. தெரு வேடிக்கை பார்த்தது மட்டும் தீரவில்லை.

அவர் போகும் கிறிஸ்தவ சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சோற்றுக்கு அரிசி அளக்கும்போது பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்து முன்னால் வைத்திருக்கும் சாக்கில் கொட்டுவார்கள். சிலர் கேழ்வரகு கொண்டுவருவார்கள். அதை மாதம் ஒருமுறை விற்று, வெள்ளையடிப்பார்கள், ஸ்பீக்கர் வாங்குவார்கள். கணவர் இறந்த மறுவருஷம் பெண்கள் கூட்டத்தில் ராணியம்மாள் எழுந்து கேட்டார்:

"வூட்டுல பசிச்ச வயித்துக்குப் போகாம எடுத்து வெச்ச அரிசி இது. இதை வித்து ஸ்பீக்கரா வாங்கணும்? கேக்கறவங்க காது நல்லாத்தானே இருக்குது?"

பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அரிசி விற்ற பணம் கடனாகப் போயிற்று. வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, என்ன சாதி எந்த மதம் என்ற கேள்வி இல்லை. வத்தல்மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டுவந்து விற்கும் செல்லி வாங்கினாள். பூக்காரி வாங்கினாள். கடன் கொடுத்தவன் கடன்பட்டவனின் வீட்டுக்குள் போகக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்று வேதத்திலேயே இருக்கிறது. பிரசங்கத்தில் அதை யாரும் எடுப்பதில்லை. ராணியம்மாள் அதையும் ஒரு படி கூட்டி, வெளியேகூட யாரும் போய் நிற்கக் கூடாது என்று வைத்தார். கடன் வாங்கினவர்களே சந்தை நாளில் இட்லிக் கடைக்கு வந்து இருப்பதைக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பரிதா உள்பாவாடை தைத்துச் சந்தையில் விற்பவள். முதலில் துணி எடுக்க வாங்கினாள். அதைத் திருப்பியபின் மோட்டார் வைத்த மெஷினுக்கு வாங்கினாள். ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தவள்தான். அவள் கணவன் அயாஸ் கூரையில் வெல்டிங் செய்யும்போது விழுந்து கால் முறிந்த பிறகு தவணை நின்றது. ஆனால் ஒரு சந்தைக்குக்கூட அவள் வராமல் இருந்ததில்லை. "அக்கா, இந்த வாரமும் இல்லீங்க" என்பாள். "சரி, டீயக் குடி" என்பார் ராணியம்மாள். விஷயம் அவ்வளவுதான்.

அவ்வளவோடு விட்டிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் சென்னையில் ஒரு டிரஸ்ட்டுக்கு இந்தப் பணத்தைப் பற்றித் தெரிந்துவிட்டது. பத்து லட்சம் தருகிறோம், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறோம், ராணியம்மாள் பேசுவதைக் கேட்கிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: பாக்கி இருக்கக் கூடாது. அதுவரை அந்த அரிசிச் சாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காத சபைச் செயலாளர் சத்யராஜுக்குத் திடீரென்று ஏழைகள்மேல் அக்கறை பொங்கிவிட்டது.

ராணியம்மாள் நேராகப் பரிதாவின் வீட்டுக்குப் போனார். பரிதா வாசற்படியில் உட்கார்ந்து பாவாடை நாடாவைக் கையால் கோத்துக்கொண்டிருந்தாள். உள்ளே, தலையில்லாத மெஷின் ஸ்டாண்டு. அதன் பக்கத்தில், பொங்கல் சந்தைக்காக வெட்டிவைத்த துணி முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. வாங்கக்கா என்று அவள் சொல்லவில்லை.

"நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்கக்கா? காசு இல்லன்னா வந்து சொல்லு, வூட்டுக்கு மட்டும் யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"வந்தாங்க. செருப்பக்கூட கழட்டல. இவரு கால நீட்டிப் படுத்திருக்காரு, அவரத் தாண்டிக்கிட்டுப் போயித் தூக்கினாங்க."

"நான் இப்பவே போயி எடுத்தாந்து குடுத்துடறேன், பரிதா."

"வேணாம். நீங்க கொண்டாந்தா நான் வாங்கமாட்டேன். தூக்கிட்டுப் போனத தெரு பார்த்துச்சு. திரும்பி வர்றதையும் தெரு பார்க்கணும். தூக்கின கைதான் கொண்டாரணும்."

உள்ளேயிருந்து அயாஸ் குரல் கொடுத்தான். "வுடு பரிதா. யாரு கொண்டாந்தா என்ன, மெஷின் வந்தா போதாதா?"

"உங்களுக்குப் போதும். படுத்திருக்கீங்க. இந்தத் தெருவுல நடக்கறவ நான்."

ராணியம்மாள் திரும்பி நடந்தார். கொடுத்தது பணம் மட்டுமல்ல, வாக்கும். அது அவருடைய வாக்கு. உடைத்தவர்கள் வேறு.

சத்யராஜின் சிமென்ட் கடை நெடுஞ்சாலைப் பக்கம். மூட்டைகளுக்கு நடுவே மின்விசிறியின் கீழே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ராணிம்மா. கோவமா வந்திருக்கீங்க. மொதல்ல உக்காருங்க."

"உக்கார வரல சார். மெஷின் எங்க?"

"கோயில்ல, வெஸ்ட்ரி ரூம்ல பத்திரமா இருக்குது. பாருங்கம்மா, பத்து லட்சம். மொத்தத்துல ஒரே ஒரு ஆளுதான் பாக்கி. பொருள் நம்ம கையில இருந்தா பாக்கி இல்லன்னு சொல்லிடலாம். அவங்க கிளம்பினதும் திங்கக்கிழமை நானே குடுத்தனுப்பிடறேன்."

"அப்ப பொய் சொல்றதுக்காக ஒருத்தி பொழப்பத் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

"பெரிய வார்த்தையெல்லாம் பேசாதீங்க. அந்தப் பத்து லட்சத்துல நூறு பரிதாவுக்குக் குடுக்கலாம்."

"நூறு வூட்ல பூந்து தூக்கலாம்னு சொல்லுங்க."

சத்யராஜின் முகம் மாறியது. "நம்ம சபை ஆளா அவ? வேத்து மதத்துக்காரிக்கு இவ்வளவு நாள் விட்டுக் குடுத்ததே பெருசு."

"அரிசி எடுத்து வெச்ச பொம்பளைங்க, இது எந்த மதத்து வயித்துக்குன்னு கேட்டா எடுத்து வெச்சாங்க? இது உங்க சிமென்ட்டு காசு இல்ல சார். தூக்கின மூணு பேரும் அதே தெருவழியா கொண்டுபோயி வெக்கணும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீங்க பேசலன்னா ஆளா இல்ல?" என்றார் சத்யராஜ். பொய்தான். ராணியம்மாளின் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

போதகர் இளவயதுக்காரர், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ராணியம்மாள் சொன்னதையெல்லாம் தலைகுனிந்து கேட்டார். "ஞாயிறு முடியட்டும்மா, நான் பேசறேன்" என்றார். செயலாளரைப் பகைத்துக்கொள்ள அவருக்குப் பயம். ஏழையின் வீட்டுக்குள் செருப்போடு போக மூன்று பேருக்குத் தைரியம் வந்தது. அவர்களிடம் "தப்பு" என்று ஒரு சொல் சொல்ல ஒருவருக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரஸ்ட்டின் சென்னை அம்மாள் காரில் வந்து இறங்கினார். வாசலில் ராணியம்மாள் ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டாவது வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். காணிக்கைப் பாட்டு தொடங்கியது. வழக்கமாகப் பெண்கள் அப்போதுதான் வரிசையாகப் போய் அரிசியைக் கொட்டுவார்கள். அன்று ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. சாக்கு வெறுமையாகக் கிடந்தது. இது சபையிலேயே வயதில் மூத்த கிழவி செல்லம்மாளின் வேலை. முந்தின இரண்டு நாளும் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"இப்போது நம் அன்புச் சகோதரி ராணியம்மாள் சாட்சி சொல்வார்கள்" என்று சத்யராஜ் மைக்கில் அறிவித்தார்.

ராணியம்மாள் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார். மைக்கிடம் போகவில்லை.

"சொல்றதுக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க. நாங்க கடன் குடுத்த ஒரு பொண்ணோட தையல் மெஷின வூடு பூந்து தூக்கியாந்து பக்கத்து ரூம்ல வெச்சிருக்காங்க. அது அவ வூட்டுக்குத் திரும்பிப் போன பொறவு பேசறேன்."

சென்னை அம்மாள் சத்யராஜைப் பார்த்தார். "என்ன மெஷின்?"

"சின்ன விஷயம் மேடம். கமிட்டில பேசிக்கலாம்."

"சின்னதா பெருசான்னு கதவத் தொறந்து காட்டுங்க சார்" என்றார் செல்லம்மாள் பின்வரிசையிலிருந்து. "மேடமும் தூக்கிப் பார்க்கட்டும், கனம் தெரியும்."

யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். போதகர் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். யாரையும் பார்க்காமல் பக்க அறைக்குள் போனார். வெள்ளை அங்கியோடு, மெஷின் தலையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மோட்டார் ஒருபக்கம் தொங்கியது. தூக்கி வந்த மூவரில் ஒருவன், கமிட்டியிலேயே இளையவன், ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டான். மற்ற இருவரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சத்யராஜ் சென்னை அம்மாளிடம், மதியச் சாப்பாட்டுக்குத் தர்மபுரியில் ஹோட்டலில் சொல்லிவைத்திருப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்.

அந்தப் பத்து லட்சம் வரவில்லை. அரிசிப் பணம் அதன்பிறகு கமிட்டியின் கைக்குப் போகவுமில்லை. சத்யராஜ் இன்றைக்கும் செயலாளர்தான். வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை அவர் பேசியதாக யாரும் கேள்விப்படவில்லை.

அன்று உச்சிவெயிலில் போதகரும் இளையவனும் தெருவழியே மெஷினைத் தூக்கிப் போனார்கள். பின்னால் ராணியம்மாள். அவருக்குப் பின்னால் டப்பாக்களோடு பெண்கள். கறிக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடிகளில் தலைகள் தெரிந்தன. பரிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். வழி விடவில்லை.

"அன்னைக்கு வந்தவங்க மூணு பேரு. ஒருத்தர்தான் வந்திருக்காரு."

"மத்தவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கேம்மா" என்றார் போதகர். வியர்வை அங்கியை நனைத்திருந்தது.

"நீங்க அன்னைக்கு வரவே இல்லீங்களே."

"வந்து தடுத்திருக்கணும். தெரிஞ்ச பொறவும் ரெண்டு நாள் சும்மா இருந்துட்டேன்."

பரிதா அவர் செருப்பைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி நின்றாள். "செருப்ப கழட்டிட்டு வாங்க" என்றாள்.

கழற்றினார்கள். அயாஸ் காலை மெல்ல நகர்த்தி இடம் விட்டான். மெஷின் தலை ஸ்டாண்டில் உட்கார்ந்தது. பரிதா குனிந்து ஊசியைப் பார்த்தாள், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள், மோட்டார் பக்கம் கையை விட்டுத் துழாவினாள்.

"பெல்ட்டு எங்க?"

இளையவன் விழித்தான். "தூக்கறப்ப கழட்டினோம். அந்த வெஸ்ட்ரி ரூம்லதான் கீழ எங்கியாச்சும் கிடக்கும்."

"பெல்ட்டு இல்லாம மோட்டார் எப்படி ஓடும்? பொங்கலுக்கு நாலு நாளுதான் இருக்குது."

வெளியே நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்லம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போதகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ராணியம்மாளின் பக்கம் திரும்பினார். வேறு எந்த நாளாக இருந்தாலும் ராணியம்மாள், 'நீங்க இருங்கய்யா, நான் போயி எடுத்தாறேன்' என்று சொல்லியிருப்பார். அன்று சொல்லவில்லை.

போதகர் செருப்பை மாட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க, மறுபடியும் அந்தத் தெருவில் இறங்கி நடந்தார்.