பட்டியலில் இல்லாத நவமணி அக்கா

நவமணி அக்காவைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. அவர் பெயரை ஒரு பட்டியலிலிருந்து தூக்கி எறிந்தவன் நான். தெரியாமல்தான் எறிந்தேன். ஆனால் தெரிந்த பிறகும் பதினோரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன் பாருங்கள், அதற்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை. எழுதாவிட்டால் மனசு அறுக்கிறது, எழுதுகிறேன்.

என் பெயர் பவித்ரன். மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் குடியிருக்கிறேன். ஈப்போவில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை. ஓட்டுநர்களும் கடைக்காரர்களும் கண்டபடி ஒட்டி அனுப்பும் முகவரிகளைப் பத்தி பத்தியாக அடுக்கித் தருவதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டிருப்பார்கள். நான் கருப்புத் திரையைத் திறந்து ஒரே வரியில் கட்டளை தட்டுவேன். ஆயிரம் பெயர் ஒரு நொடியில் நிமிர்ந்து நிற்கும். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

நான் பிறந்தது புக்கிட் தெராஸ் தோட்டத்தில். அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய், போன வருடம் நிலம் ஒரு வீடமைப்புக் கம்பெனியின் கைக்கு மாறியது. லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னமும் குடியிருக்கும் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு தரைவீடு தருவதாகக் கம்பெனி ஒத்துக்கொண்டது. குடியிருப்பவர் பட்டியல் மாதக் கடைசிக்குள் வேண்டும். பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், லய எண், கதவு எண், இந்த நான்கும் போதும் என்றார்கள்.

குடியிருப்போர் குழுவின் தலைவர் சதாசிவம் அண்ணன் டயர் கடை வைத்திருப்பவர். "பவி, நீ கம்ப்யூட்டர் ஆளுலா. நீயே செஞ்சு குடுத்துரு" என்றார். தோட்டத்தை விட்டு வெளியேறி இருபது வருடம் கழித்தும் என்னை மறக்காமல் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை.

எல்லாரும் தங்கள் விவரத்தை வாட்சப் குழுவில் போட்டார்கள். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் நானூறு வரி. பாதி வரி காலை வணக்கம். கால்வாசி "ஓகே அண்ணே", "நோட்டட்". ஒருவர் பிள்ளையாருக்குப் பக்கத்தில் தன் ஐசி எண்ணைப் போட்டிருந்தார். இந்தக் குப்பையிலிருந்து பெயர்களை மட்டும் பிரித்தெடுக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. இங்கே தமிழர் ஐசியில் பெயருக்கு நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி என்று வரும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று பொருள். எனவே கட்டளையை இப்படி எழுதினேன்: ஏ/எல், ஏ/பி இருக்கிற வரியை வைத்துக்கொள், மற்றதைத் தூக்கிப் போடு. அதற்கு முன்னால் இருப்பது முதல் பத்தி, பின்னால் இருக்கும் அப்பா பெயர் இரண்டாம் பத்தி. அப்பா பெயரைக் கம்பெனி கேட்கவில்லை. தனிப் பத்தியாக நின்றால் எடுப்பாக இருக்கும் என்று நானே சேர்த்தேன்.

அறுபத்து நான்கு வரி வந்தது. வகிடெடுத்த மாதிரி ஐந்து பத்தி. கம்பெனிக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, கோயில் மண்டபத்துப் பலகையில் ஒன்றை ஒட்டினோம். வந்தவர்கள் எல்லாம் தங்கள் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். "பவி கைவேல பாத்தியா, கவர்மெண்டு லிஸ்ட்டு கணக்கா இருக்குலா" என்று சதாசிவம் அண்ணன் தோளில் தட்டினார். நவமணி அக்கா அன்றைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குக் காம்பார் நகரத்தில் வேலை.

அக்கா இருப்பது மூன்றாம் லயம், ஒன்பதாம் கதவு. எட்டாம் கதவு எங்கள் வீடாக இருந்தது. இடையில் ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். என் அம்மாவும் அவரும் விடியற்காலையில் ஒன்றாகப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்குப் போய், அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டியவர்கள். அம்மா காய்ச்சலில் படுத்தால் எனக்குச் சோறு பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

அக்காவின் தாய் கருப்பம்மாள் புல்வெட்டும் கும்பலில் இருந்தவர். பிள்ளைக்கு அப்பா யார் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. பிறப்புப் பத்திரம் எழுதிய கிராணி, தோட்டத்து எழுத்தர், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். அதனால் அக்காவின் ஐசியில் முன்னுமில்லை பின்னுமில்லை, 'நவமணி' மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது எல்லாப் பெயரும் நீளமாகப் போகும். இவர் பெயர் வந்ததும் முடிந்துவிடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார். பதினைந்து வயதில் கத்தியெடுத்து மரத்துக்குப் போனார். பதிவுத் திருமணத்தின்போது அதிகாரி அத்தனை பேர் முன்னால் அப்பா பெயரை இரண்டு முறை கேட்டாராம். மாப்பிள்ளை ஜெயபாலன் லாரி ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது. "நான் பொண்ணத்தான் கட்டிக்க வந்தேன், மாமனார இல்ல" என்றாராம். அவர் இறந்து ஆறு வருடமாகிறது.

ரப்பர் முடிந்ததும் அக்கா கையுறைத் தொழிற்சாலைக்குப் போனார். இப்போது காம்பாரில் ஒரு மாணவர் விடுதியில் துப்புரவு வேலை. விடிவதற்குள் பஸ் ஏறுவார். துவைக்கும் இயந்திரத்தில் பிள்ளைகள் விட்டுப்போகும் மாணவர் அட்டைகளை எடுத்துத் துடைத்து, பெயரைப் பார்த்து, அறை அறையாகத் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார். யாரும் கேட்டுச் செய்கிற வேலையில்லை. எனக்கு அந்தப் பொறுமை ஒரு நாளும் இருந்ததில்லை.

வீடு ஒதுக்கியதாகக் கம்பெனியின் கடிதங்கள் லயத்துக்கு வந்த அன்று மாலை அக்கா போன் செய்தார்.

"பவி, எல்லாருக்கும் காயிதம் வந்திருச்சு. எனக்கு மட்டும் காணோமேப்பா?"

"போஸ்ட் லேட்டாவும்லா அக்கா. ரெண்டு நாள் பொறுங்க."

வைத்துவிட்டுப் பழைய கோப்பைத் திறந்தேன். ஒரு காலை வணக்கத்துக்கும் ஒரு "ஓகே அண்ணே"க்கும் நடுவில் அந்த வரி இருந்தது. நவமணி, ஐசி எண், லயம் மூன்று, கதவு ஒன்பது. ஒரு குறையும் இல்லை, ஏ/பி ஒன்றைத் தவிர. என் கட்டளை அதைக் காலை வணக்கத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தது. உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மண்டபத்தில் தோளில் தட்டிய அந்தக் கை கண்ணில் நின்றது.

அடுத்த ஞாயிறு குழுக் கூட்டம். அக்கா விடுப்பெடுத்து வந்திருந்தார். வாட்சப் குழுவில் ஒரு வாரத்துக்கு மேல் எந்தச் செய்தியும் நிற்காது, தானாக அழிந்துவிடும், அதனால் யாராலும் தேடிப் பார்க்க முடியவில்லை. விவரம் அனுப்பாமல் விட்டிருப்பார் என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர், "இதுல கூடவா அசட்டையா இருப்பாங்க?" என்றார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார்.

"கோவிச்சுக்காத பவி. எனக்கு இந்தப் போனு சரியா வரல. அனுப்புனேன்னுதான் நெனச்சேன். ஒனக்கு வீண் வேல குடுத்துட்டேன்."

"பரவால்லக்கா" என்றேன்.

பரவாயில்லையாம்! நான் குப்பையில் போட்டவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நானும் பெருந்தன்மையாக மன்னித்து அனுப்புகிறேன்.

பதினோராம் நாள் சதாசிவம் அண்ணன் கடைக்குக் கூப்பிட்டார். "கம்பெனில பேசிட்டேன். ஒரு வீடு மிச்சம் இருக்கு. திங்கக்கெழமைலேர்ந்து வெளி ஆளுக்கு வித்துருவாங்க. லேட்டா அனுப்புனவங்களுக்குக் கெடையாதாம். குழு மேல தப்புன்னா மட்டும், லிஸ்ட்டு போட்ட ஆளே எழுதிக் கையெழுத்து வெச்சு, வெள்ளிக்கெழமைக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணுமாம். நாம என்ன செய்யறது, அவங்க அனுப்பவே இல்லியே."

"அனுப்புனாங்கண்ணே. நான்தான் விட்டுட்டேன்."

டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எப்போ தெரியும்?"

"காயிதம் வந்த அன்னிக்கே."

அண்ணன் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரைக் கழற்றினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நேராக ஒன்பதாம் கதவுக்குப் போனேன். அக்கா அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அத்தன பேரு வரியும் நின்னுச்சு. என் வரி மட்டும் எதுக்குப்பா போச்சு?"

"ஏ/பி இல்லக்கா. அப்பா பேரு இல்ல."

அக்கா குழாயை மூடினார். "பள்ளிக்கூடத்துல கேட்டாங்க, கல்யாணத்துல கேட்டாங்க. இப்ப மெஷினுமா கேக்குது?"

"மெஷின் கேக்கலக்கா. நான்தான் கேக்கச் சொன்னேன்."

"நீயா?" எட்டாம் கதவுப் பக்கம் பார்த்தார். இப்போது அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். "ஒங்கம்மா இருவது வருசம் பக்கத்துல இருந்தா. ஒரு தடவகூட அத எங்கிட்ட கேட்டதில்ல பவி."

வெட்கத்தில் அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது. அந்த நேரத்திலும் பாருங்கள், வாய் தானாக இன்னொரு பொய்யைச் சொன்னது. "ஆபீஸ்ல அப்பா பேரு வேணும்பாங்கல்ல, அதான்க்கா..."

"ம். எல்லா எடத்துலயும் வேணும்பாங்க" என்றபடி துண்டை எடுக்க உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். ஊர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார். என் தவறு, என் கட்டளை, என் மௌனம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தைக் கம்பெனி முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் அதை உள்ளே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து, கணினி முன்னால் உட்கார்ந்து அக்காவிடம் கேட்டாள். பெயர்? அக்கா சொன்னார். ஐசி எண்? எடுத்துக் காட்டினார். லயம்? கதவு?

அக்கா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். எனக்குத் தெரியும், அந்தக் கேள்வி வராது. அந்தப் பெண் ஒரு தாளை அச்செடுத்து, முத்திரை குத்தி, சிரித்தபடி நீட்டினாள். வீட்டு எண் அறுபத்தைந்து. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று அக்கா அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"பவி, அந்தப் பொண்ணு அப்பா பேரு கேக்கவே இல்லியேப்பா?"

"இல்லக்கா."

"அப்ப ஒன் லிஸ்ட்டுல அது எதுக்கு இருந்துச்சு?"

இனிமேலும் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "அழகா இருக்கட்டும்னு போட்டேன்க்கா."

அக்கா தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"வண்டிய எடு" என்றார்.