சசிதருக்குப் பக்கத்து இடம்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் இருபத்தொன்பது வருடம் மாட்டின் வாயைத் திறந்து பார்த்தவர் காளிச்சாமி. அவர் தரகர் இல்லை. வாங்குகிறவர்கள் கூப்பிட்டால் போவார். கீழுதட்டை இரண்டு விரலால் இழுத்துப் பல்லைப் பார்ப்பார். கன்று போடும் ஒவ்வொரு ஈத்துக்கும் ஒன்றாகக் கொம்பின் அடியில் விழும் வளையங்களைத் தடவி எண்ணுவார். "அஞ்சாம் ஈத்துங்க, பல்லு தேய ஆரம்பிச்சிருச்சு" என்று அவர் சொல்லிவிட்டால், விற்கிறவன் மறுபேச்சு பேசமாட்டான். சூலக்கல்லிலிருந்து செவ்வாயும் வியாழனும் காலை ஆறே கால் பஸ்ஸில் வந்து இறங்கும் அவருக்கு அந்தச் சொல் ஒன்றுதான் பிழைப்பு, பெருமை எல்லாம்.

சந்தைக்குள் டீக்கடை பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் ஆறு வருடமாக உட்கார்ந்தவன் தரகன் சசிதர். நாற்பத்து நான்கு வயது, சிரித்த முகம். "அண்ணனுக்கு சக்கரை கம்மியா ஒரு டீ" என்று அவனே சத்தமாகச் சொல்வான். தோளில் கை போட்டுக்கொள்வான். மரியாதை தெரிந்த பையன் என்று காளிச்சாமி நினைத்திருந்தார்.

2023 பிப்ரவரி 9, வியாழக்கிழமை, அந்த பெஞ்சுக்கு எதிரிலேயே சசிதர் ஒரு சிந்துப் பசுவை வடசித்தூர் பூவாத்தாளுக்கு விற்றான். மூன்றாம் ஈத்து என்றான். காளிச்சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை. உண்மையில் அது எட்டாம் ஈத்து மாடு. கொம்பு வளையங்களைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, விளக்கெண்ணெய் தடவிக் கொண்டுவந்திருந்தான்.

இரண்டு வாரம் கழித்து, 23ஆம் தேதி, மாட்டின் உண்மை வயது தெரிந்து பூவாத்தாள் அதோடு திரும்பி வந்தாள். அன்று காளிச்சாமி உடுமலையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். நூறு பேர் கூடிய இடத்தில் சசிதர் கையை விரித்தான். "பல்லு, கொம்பெல்லாம் காளிச்சாமியண்ணன் பாத்து சொன்னதுங்க. நான் வெறும் கயித்தப் புடிச்சவன்."

அடுத்த செவ்வாய் காளிச்சாமி சந்தைக்குப் போனார். மதியம் வரை ஒருவரும் கூப்பிடவில்லை. சசிதர் சொன்னதை டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, நேரே வடசித்தூருக்கு பஸ் ஏறினார்.

"அம்மணி, அந்த மாட்ட நான் தொட்டேனா? நீயாச்சும் என்னைக் கூப்புட்டயா?"

"இல்லீங்க," என்றாள் பூவாத்தாள். "நீங்கதான் பக்கத்துலயே இருந்தீங்களே. உங்க சிநேகிதரு மாட்டு வாய உங்களையே தொறந்து பாக்கச் சொன்னா, நல்லாவா இருக்குமுங்க? உங்களை நம்பலைன்னு ஆயிராதுங்களா?"

மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருக்கிறாள். ஆறு வருட டீ எதற்கு என்று காளிச்சாமிக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் அவரை உட்காரவைத்து வியாபாரம் செய்திருக்கிறான். இன்னும் எத்தனை பேர் இதே போலக் கேட்காமல் வாங்கிப் போனார்களோ!

சந்தையில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். "இருக்கட்டுங்க, உடுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

மார்ச் 2, வியாழக்கிழமை காலை, காளிச்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து சசிதருக்குப் பக்கத்தில், முழங்கை இடிக்க உட்கார்ந்தார்.

"தம்பிக்கு ஒரு டீ," என்றார் சத்தமாக.

அப்போது சசிதர் கோயம்புத்தூர் பால்காரர் அப்துல் முத்தலிப்போடு துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தான். காளிச்சாமி அவன் தோளில் கை போட்டார். "தைரியமா வாங்குங்க பாய். தம்பி சொன்னா நான் சொன்ன மாதிரிங்க."

முத்தலிப் இருவரையும் ஒருமுறை பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து கை வெளியே வந்துவிட்டது. "இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

அவர் போனதும் சசிதர் பல்லைக் கடித்தான். "ஏனுங்ண்ணா, உங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா?"

"எனக்கு ஏது கண்ணு சோலி? அதத்தான் நீ முடிச்சுப்போட்டயே. டீ ஆறுது, குடி."

செவ்வாய் வந்தார், வியாழன் வந்தார். சசிதர் கிழக்குப் பக்கம் போய் நின்றால் அங்கே வந்து நின்றார். மாடு பார்க்க யார் வந்தாலும், கேட்காமலே புகழ்ந்தார். "போங்கண்ணா" என்றால் "உன்னைய உட்டுப்போட்டு எங்க போறது?" என்பார். கெட்ட வார்த்தை ஒன்று பேசவில்லை. டீக்கடைக்காரர் மைதீன் பிச்சை, "ரெண்டு பேருக்கும் தாலி ஒண்ணுதான் பாக்கிங்க" என்று சிரித்தார். ஆறு வருடம் அவன் வாங்கிக் கொடுத்த டீயை விட, இந்த டீ காளிச்சாமிக்கு இனித்தது. ஏப்ரல் பாதியில் சசிதர் கொண்டுவந்த மாடுகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின.

பதினைந்தாவது சந்தை, ஏப்ரல் 20. சசிதரே ஆளனுப்பிப் பூவாத்தாளை வரவழைத்தான். தண்ணீர்த் தொட்டி ஓரம் கூட்டம் கூடியது.

"கொம்பச் சுரண்டுனது நானுங்க," என்றான். "அண்ணன் அந்த மாட்டத் தொடவே இல்லீங்க. அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

காளிச்சாமி கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார். இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை நாளும்.

பூவாத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு மாசமா ஒரே பெஞ்சுல தோள்மேல கை போட்டு உக்காந்திருக்கீங்க. இப்ப ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொல்றீங்க. நல்லா இருக்குதுங்க. அடுத்த மாட்டுக்கு யாரு சாட்சிங்க?"

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. மைதீன் பிச்சை மட்டும் தலை குனிந்தபடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லிப்போட்டனுங்க," என்றான் சசிதர். "இனியாச்சும் என்னைய உடுங்க."

காளிச்சாமி கூட்டம் போன திசையைப் பார்த்தார். அவனை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்த பதினைந்து நாளும், ஊர் இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்த்திருக்கிறது. அவிழ்க்க இனி ஆளில்லை. அது தெரிந்தபோதும் அவருக்கு வருத்தம் வரவில்லை.

"சொன்னே. யாரும் நம்பலையே, கண்ணு."

"அப்ப நான் ஈரோட்டுச் சந்தைக்கே போயிர்றேனுங்க."

"போ. அங்கேயும் பஸ் போகுது."

அடுத்த வியாழன், ஏப்ரல் 27, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வெளுக்கும் நேரத்தில் கிளம்பும் ஈரோடு பஸ்ஸில் ஏறி, சசிதர் உட்கார்ந்திருந்த சீட்டிலேயே, அவனை ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, காளிச்சாமி கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் கேட்டார்.