மேகத்துக்குள் ஒரு விளக்கு

கடத்தல்காரர்களைத் துரத்தச் சுங்கத்துறைக்கு வேகமான ரோந்துக் கப்பல்கள் வாங்க அரசாங்கம் பணம் ஒதுக்கப்போகிறது, அதற்குத் தகுதியான இளம் அதிகாரிகள் வேண்டும் என்று பத்திரிகையில் படித்த அன்றே, ஏற்காட்டில் இருந்தபடி நான் பாதி அதிகாரியாகிவிட்டேன். கடலைப் பார்த்ததில்லை. ஆனால் விடிகாலையில் மலை விளிம்பில் நின்றால் சேலம் முழுக்க மேகத்தில் மூழ்கிக் கிடக்கும். அதில் கப்பல் விட என்ன தடை?

தேர்வு எழுதித் தேறினேன். மிச்சமிருந்தது கண் பரிசோதனை. தூரத்து விளக்கு சிவப்பா பச்சையா என்று கப்பல் அதிகாரிக்குத் தெரிய வேண்டும். அதில் தவறினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். டார்ச் லைட்டையும் கலர் காகிதத்தையும் அக்காவிடம் கொடுத்து, எதிர்ச் சரிவில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நிறுத்தினேன்.

சாயங்காலப் பனி ஏறிவந்தது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

“சிவப்பு,” என்று கத்தினேன். “பச்சை. மறுபடியும் பச்சை.”

பனிக்குள்ளிருந்து அக்காவின் சிரிப்பு மட்டும் வந்தது. “லைட்டையே அணைச்சுட்டு நிக்கறேன், சாமி. உனக்குப் பச்சையாத் தெரியுதாக்கும்?”

“தெரியலீன்னு சொன்னா ஃபெயில் பண்ணீருவாங்கக்கா.”

“தெரியாததத் தெரியும்னு சொன்னா கப்பலே முழுகிரும். எது நொம்ப மோசம், நீயே சொல்லு.”

சென்னையில் ஓர் இருட்டறை. டாக்டர் விளக்குகளை மாற்றி மாற்றிக் காட்டினார். ஒரு தடவை வெறும் இருட்டு. நாக்கு நுனிவரை பச்சை வந்துவிட்டது.

“ஒண்ணும் தெரியலைங்க,” என்றேன்.

அவர் அடுத்ததைக் காட்டினார். கடைசியில், தேர்ச்சி என்றார்.

சில மாதங்கள் கழித்துத் தகவல் வந்தது: இந்த ஆண்டு கப்பலுக்கு நிதி கிடைக்கவில்லை, கப்பல் வந்தபின் கூப்பிடுவார்கள்.

“ஆப்பீசர் பாஸாயிட்டாரு, கப்பல்தான் ஃபெயிலாக்கும்,” என்றாள் அக்கா.

இன்னும் கூப்பிடவில்லை. சாயங்காலமானால் சரிவுக்குப் போகிறோம். கண் பழக்கம் விட்டுப்போகக் கூடாதல்லவா?

“தெனமும் அடிச்சா பேட்டரி தீந்துரும்டா.”

“நீயும் கவர்மெண்டாட்டப் பேசாதேக்கா.”

முணுமுணுத்துக்கொண்டே பனிக்குள் மறைவாள். காலடியில் மேகம் அலையடிக்கும். வெகுநேரம் கழித்து ஏதோ ஒரு வெளிச்சம், நிறமில்லாமல், மிதந்து வரும். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பேன். நிறம் தெரியட்டும், அப்புறம் சொல்லலாம்.