கள்ளு நாட்டில் ஒரு விடுமுறை

பிரான்சில் நான் வேலை செய்யும் திராட்சைத் தோட்டத்து வாசலில் ஒரு துண்டுப் பிரசுரம் அடுக்கி வைத்திருப்பார்கள். வைன் நாட்டுக்கு விடுமுறையில் வருகிறவர்கள் செய்ய வேண்டியவை என்று அதில் ஒரு பட்டியல்: தோட்டத்தில் காலை நடை, ருசி பார்த்தல், நிலவறை பார்த்தல், தண்ணீர்க் கரையில் சாப்பாடு, ஊருக்கு ஒரு போத்தல். எட்டு வருடமாக அவர்களுக்குப் பழம் ஆய்ந்து கொடுத்தவன் நான். விடுமுறை என்று ஒன்று போனதில்லை. "எங்கட கல்லாறும் கள்ளு நாடுதானே, அங்க போய் எல்லாத்தையும் செய்துபாருங்க" என்று மனைவி கேலி செய்தாள். அந்த ஊரில் இருக்கும் அவளுடைய அண்ணனை நான் கண்டதுமில்லை. என்னைப்போல யாழ்ப்பாணத்தானுக்கு மட்டக்களப்பும் வெளிநாடுதான். சண்டை நடக்கிறது என்று தெரிந்தும், பையில் ஒரு சிவப்பு வைன் போத்தலோடு புறப்பட்டுவிட்டேன். போன இடத்தில், நான் வாய் துடைத்ததால் ஒரு மனிதர் செத்திருப்பார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காலை 5.00, கொழும்பு புறக்கோட்டை. பொலன்னறுவை வரை அது சாதாரண பஸ் பயணம். அதற்கு அங்கால் இறங்கு, நட, ஏறு, மறுபடி இறங்கு. மூன்றாவது சோதனைச்சாவடியில் என் போத்தல் பிடிபட்டது. அங்கே நின்ற சிப்பாய் தக்கையைப் பேனாவால் உள்ளே தள்ளிவிட்டு, குடி என்று கையால் காட்டினார். பகல் பதினொன்றரை மணி வெயிலில், வெறும் வயிற்றில், வரிசையில் நின்ற பஸ் சனம் முழுவதும் பார்க்க மூன்று மிடறு குடித்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்திருந்து, நான் விழவில்லை என்று கண்டபிறகு போத்தலைத் திருப்பித் தந்தார். பட்டியலில் ருசி பார்த்தல் இப்படி முடிந்தது.

ஓட்டமாவடியில் ஏறிய வியாபாரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வாய் மணம் பிடிக்காமல் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டாலும் பேச்சுக்குக் குறைவில்லை. வழியோரத் தென்னைகள் பல தலையில்லாமல் வெறும் கம்பமாக நின்றன. என்ன நோய் என்று கேட்டேன்.

"நோயொண்டுமில்ல தம்பி. கொஞ்சம் ஷெல்லுக்குப் போன, மத்தது பங்கருக்கு வெட்டின" என்றார். "நீங்க எங்க இரிந்து வாறீங்க?"

பிரான்ஸ் என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அங்க இரிந்து இஞ்சயா?" என்றார்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் தெரு. மாலை ஆறுக்குப் பெரியகல்லாற்றில் இறங்கினேன். மச்சான் விநாயகம், பள்ளிக்கூட வாத்தியார், சைக்கிளோடு காத்து நின்றார். பட்டியலைக் கேட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். "வெள்ளன ஒழும்புங்க மச்சான். செல்லத்தம்பியண்ணன் ஆறு மணிக்கு மரத்தில ஏறுவார். இறக்கின கையோட குடிக்கணும்."

மறுநாள் காலை 6.10. வாவிக் கரையில் செல்லத்தம்பியின் தென்னந்தோட்டம். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் பாளைக் கத்தியும் மண் முட்டியுமாக முதல் மரத்தில் ஏறி இறங்கி, சிரட்டையில் கள்ளு வார்த்துத் தந்தார். இலேசான இனிப்பும் புளிப்புமாக, நாக்கில் சுருசுருவென்று ஏறியது. அந்த மூன்று மிடறு வைனுக்கு இது கோயில் தீர்த்தம். அவர் மனைவி பூமணி குசினியில் அவித்த புட்டும் முதல் நாள் நண்டுக் கறியும் வைத்தார். முட்டிகள் அடுக்கிய அவருடைய குசினிதான் நிலவறை என்று நான் சொல்ல, மச்சான் மறுபடி சிரித்தார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமான காலைச் சாப்பாடு எனக்கு வாய்த்ததில்லை. எதிர்க் கரையில், கூப்பிடு தூரத்தில், மணல் மூட்டை அடுக்கிய ஒரு இராணுவ முகாம் இருந்தது. அதையும் பார்த்தேன், பார்த்ததோடு சரி.

செல்லத்தம்பி இரண்டாவது மரத்தில் ஏறினார். நண்டுக் காலோடு மல்லுக்கட்டி முடித்து, வாவியில் கை கழுவினேன். துடைக்க ஒன்றுமில்லை. அவர் ஏறிய மரத்தில், ஆள் உயரத்தில், ஒரு வெள்ளைத் துண்டு கட்டியிருந்தது. ஏறுமுன் தோள் துண்டைக் கழற்றிக் கட்டிவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவிழ்த்தேன், வாயைத் துடைத்தேன், தோளில் போட்டுக்கொண்டு தோணி பார்க்கக் கரையோரமாக நடந்தேன்.

இருபது அடி போயிருப்பேன். வெடிச் சத்தம் ஒன்று. மேலே முட்டி சிதறி, கள்ளு மரத்தோடு வழிந்தது. மட்டைகளுக்குள் செல்லத்தம்பி மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

நான் நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன். பூமணி குசினியிலிருந்து வந்தார். ஓடவில்லை, கத்தவில்லை, இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி, பிள்ளை நித்திரையாக இருக்கும் அறைக்குள் நடப்பதுபோல நடந்து என்னிடம் வந்தார்.

"அதத் தாங்க தம்பி."

துண்டை எடுத்தார். அதே நடையில் மரத்தடிக்குப் போய், முகாமைப் பார்க்கிற பக்கமாகக் கட்டினார். பிறகு மரத்துக்கு முன்னால், வெட்டவெளியில், கையை விரித்தபடியே நின்றார். மரத்தில் வழிந்த கள்ளு அவர் தலையில் சொட்டியது. துடைக்கக் கை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் மணிக்கூட்டைப் பார்க்கக்கூடக் கையைத் தூக்கப் பயமாக இருந்தது. கடைசியில் முகாமிலிருந்து ஒரு விசில் கேட்டது.

"எறங்கட்டாம்" என்றார் மச்சான், தரையில் கிடந்தபடி.

வெள்ளைத் துணி கட்டிய மரத்தில் இருப்பவர் கள்ளுச் சீவுகிறவர். துணியில்லாத மரத்தில் இருப்பவர் உளவு பார்க்கிறவர். அதுதான் அங்கே சட்டம். காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் ஏறலாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று மச்சானிடம் கத்தினேன். வெட்கக்கேடு, கத்தியது நான்தான்.

"இதையும் சொல்லணுமெண்டு எனக்குத் தோணல்ல மச்சான்" என்றார். "இஞ்ச எல்லாருக்கும் தெரியுந்தானே."

இறங்கிய செல்லத்தம்பியின் தொடையெல்லாம் தோலுரிந்திருந்தது. என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று காத்து நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உடைந்த முட்டி ஓடுகளைப் பொறுக்கிவிட்டு, "தம்பிக்குத் தண்ணி குடுங்க, வெளிறிப் போய்த்தார்" என்றார் மனைவியிடம்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து நாள் இருக்க வந்தவன், விடிந்ததும் போகிறேன் என்றேன். மச்சான் தடுக்கவில்லை. பகலுக்குள் சாவடிகளைத் தாண்ட வேண்டுமென்றால் காலை 6.40 பஸ் ஒன்றுதான்.

விடைபெற ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போனேன். செல்லத்தம்பி கத்தியோடு அதே மரத்தடியில் நின்றார்.

"இண்டைக்குமா ஏறப் போறீங்கள்?"

"பாளை சீவாம விட்டாப் பட்டுப் போயிரும் தம்பி. மறுகா என்னத்தத் திங்கிற?"

பூமணி வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்தார். தோய்த்திருந்தார், நண்டுக் கறி மஞ்சள் மட்டும் ஓரத்தில் போகவில்லை. அதை என் கையில் வைத்தார். "நீங்க கட்டுங்க."

தண்டனையா, மன்னிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கட்டினேன். ஒரு முடிச்சு, அதன் மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. அவர் ஏறினார். நான் துண்டுக்குப் பக்கத்தில், வாவியைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்தபடி நின்றேன்.

தெருவில் பஸ் ஹோர்ன் அடித்தது. மச்சான் சைக்கிள் மணியை அடித்து அடித்துப் பார்த்தார்.

"தம்பி, பஸ் போகப் போகுது" என்றார் செல்லத்தம்பி மேலேயிருந்து.

"நீங்கள் இறங்குங்கோ அண்ணை."

பஸ் போய்விட்டது. அவர் முட்டியோடு இறங்கி வந்து துண்டை அவிழ்க்கப் பார்த்தார். நான் போட்ட முடிச்சுகள் இலகுவில் கழலவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார்.